'வேண்டாம்' என்ற கட்டம் எங்கே?

பேச்சு சரியாக வராதவர்களுக்குப் படப் பலகை என்று ஒன்று செய்து தருவார்கள். சிறப்புப் பள்ளிகளிலும் பேச்சுப் பயிற்சி நிலையங்களிலும் பார்த்திருப்பீர்கள். லேமினேட் செய்த அட்டை, கட்டம் கட்டமாகப் படங்கள். தண்ணீர், சாப்பாடு, பாத்ரூம், டிவி, பிஸ்கட், தூக்கம், அம்மா, அப்பா. விரலால் தொட்டுக் காட்டினால் வேண்டியது கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் இதுவரை என் கைக்கு வந்த பலகைகளில் பெரும்பாலானவற்றில் 'வேண்டாம்' என்று ஒரு கட்டமே கிடையாது. 'வலிக்குது' கிடையாது. 'நிறுத்து' கிடையாது. 'இந்த ஆளைப் பிடிக்கலை' என்று சொல்ல வழியே கிடையாது. ஓட்டல் மெனு கார்டில் இருப்பதைத் தொட்டுக் காட்டுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

என் அண்ணனுக்கு 41 வயது. டவுன் சிண்ட்ரோம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அம்மாவோடு இருக்கிறார். நான் கல்யாணமாகிப் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறேன். பஸ் பிடித்தால் ஒரு மணி நேரப் பாடு என்பதால் வாரக் கடைசியில் பெரும்பாலும் கடலூரில்தான். அண்ணன் வாயிலிருந்து வெளியாள் ஒருவருக்குப் புரிகிற மாதிரி வரும் சொற்கள் கொஞ்சம்தான். அதில் ஒன்று 'பாப்பா'. அது நான். எனக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, இன்னமும் அவருக்கு நான் பாப்பாதான். அண்ணன் என்றால் அப்படித்தானே.

வேடிக்கை என்னவென்றால், அவர் என்னைப் பாப்பா என்று கூப்பிட, ஊர் அவரைக் குழந்தை என்று கூப்பிடுகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அவர் கன்னத்தைத் தட்டுவார்கள். "சாப்ட்டானா?" என்று அம்மாவிடம் கேட்பார்கள், அவர் எதிரிலேயே. நேற்று வந்த புது மருமகன் அவரை 'வாடா' என்பார். 'தெய்வக் குழந்தை' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறவர்கள் ஒரு பக்கம். தெய்வக் குழந்தைக்கு யாரும் நாற்காலி போட்டு "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்பதில்லை. நம் மொழியில் 'நீ'யிலிருந்து 'நீங்க'வுக்குப் போனாலே பாதி வேலை முடிந்துவிடும். 'நீங்க' என்று கூப்பிட்டுவிட்டால் பதிலுக்குக் காத்திருக்கத் தோன்றும். 'டேய்' என்று கூப்பிட்டவனுக்கு அந்த அவசியம் இல்லை.

சரி, 'வேண்டாம்' விஷயத்துக்கு வருகிறேன். அண்ணனிடம் எதைக் கேட்டாலும் முதல் பதில் 'ஆங்'. சாப்ட்டீங்களா? ஆங். சாப்பிடலையா? ஆங். கடைக்குப் போலாமா? ஆங். இதைப் பார்த்து, "எல்லாம் நல்லாப் புரிஞ்சுக்கிறாரே" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. புரிந்ததற்கு அடையாளம் இல்லை அது. அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் பலரிடம் இப்படி எதற்கும் தலையாட்டும் பழக்கத்தைப் பார்க்கலாம். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால், கடைசியாகக் காதில் விழுந்ததையே திருப்பிச் சொல்வதும் அப்படித்தான். "டீயா, பாலா?" "பால்." "பாலா, டீயா?" "டீ." வரிசையை மாற்றிக் கேட்டுப் பார்க்காத வரை அது விருப்பமா, எதிரொலியா என்று சொல்ல முடியாது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது? பிறவியில் வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. சின்ன வயதிலிருந்து 'ஆங்' என்று சொன்னபோதெல்லாம் "சமர்த்து" என்று தலையைத் தடவியிருக்கிறோம். மாட்டேன் என்று முரண்டு பிடித்தால் அதற்குப் பெயர் அடம். கொஞ்சம் பெரிதான பிறகு அதற்குப் 'பிஹேவியர் பிராப்ளம்' என்று பெயர். டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரை கேட்கிறோம். இப்படி வளர்ந்த மனிதர் நாற்பது வயதில் எதற்கு 'மாட்டேன்' என்பார்? அதைச் சொல்லி எந்தப் பலனும் இல்லை என்று அவர் எப்போதோ கற்றுக்கொண்டாயிற்று.

அண்ணன் தினமும் சாயங்காலம் போகும் டீக்கடை ஒன்று எங்கள் தெருமுனையில் உண்டு. அங்கே இருக்கும் மாஸ்டருக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. அவர் செய்வதைச் சொல்கிறேன். அண்ணன் வந்து நின்றதும் "வாங்க சார்" என்பார். சர்க்கரை டப்பாவைத் தூக்கிக் காட்டி, "போடவா?" என்பார். அப்புறம் அவர்பாட்டுக்கு அடுத்த ஆளுக்கு டீ ஆற்றத் தொடங்கிவிடுவார், ஒரு கண் மட்டும் அண்ணன் மேல். அண்ணன் யோசிப்பார். உதடு அசையும். கை பாதி வழியில் எழும்பும். அதற்குள் ஒரு டீ ஆறி முடிந்து பார்சலும் கட்டியாகிவிடும். கடைசியில் அண்ணன் கையை ஆட்டுவார், வேண்டாம் என்று. சர்க்கரை விழாது. அவ்வளவுதான். "ஏன் சார், சுகர் வந்துருச்சா?" என்ற கேள்வி கிடையாது, "கொஞ்சமாப் போடறேன்" என்ற சமாதானம் கிடையாது.

புத்தகத்தில் பத்து விநாடியாவது காத்திருக்கச் சொல்கிறார்கள். பத்து விநாடி என்பது கேட்கச் சின்னதுதான். கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் எண்ணிப் பாருங்கள், நாலுக்கு மேல் போக முடியாது. வாய் தானாகத் திறந்து அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டுவிடும். அவர் முதல் கேள்வியைக் காதில் வாங்கி, புரிந்துகொண்டு, பதிலைத் தேடி, அதை நாக்குக்குக் கொண்டுவருவதற்குள் இரண்டாம் கேள்வி விழுந்து எல்லாம் கலைந்துபோகும். மறுபடி முதலிலிருந்து. நாம் உதவி என்று நினைத்துச் செய்கிற இடையூறு இது. டீ மாஸ்டருக்குக் கைவேலை இருந்ததால் அவரால் சும்மா இருக்க முடிந்தது என்று நினைக்கிறேன். வீட்டில் நானும் இப்போது வெங்காயம் உரித்துக்கொண்டேதான் அண்ணனிடம் முக்கியமான விஷயம் கேட்பது.

நாம் பேசும் தமிழும் அவருக்குச் சில இடங்களில் கண்ணாமூச்சி காட்டுகிறது. நம் வாக்கியத்தில் 'இல்லை'யும் 'வேண்டாமு'ம் கடைசியில் வருகின்றன. "வெயில்ல வாசலுக்குப் போக வேண்டாம்" என்று சொன்னால், 'வாசல்' என்ற சொல் விழுந்ததுமே அண்ணன் செருப்பைத் தேடப் போயிருப்பார். 'வேண்டாம்' வந்து சேரும்போது கேட்க ஆள் இல்லை. "உள்ளே உட்காருங்கண்ணா, ஃபேன் போடறேன்" என்றால் வேலை முடிந்தது. செய்யக் கூடாததைச் சொல்லாமல் செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள் என்று பேச்சுப் பயிற்சியாளர்கள் சொல்வது தமிழுக்கு இன்னும் அதிகமாகவே பொருந்தும். அதேபோல, 'ஏன்', 'எப்போ' என்ற கேள்விகள் கடினம். 'எங்கே', 'யாரு', 'என்ன' எளிது. ஏன் அழுகிறீங்க என்று கேட்டால் பதில் வராது. யாரு, எங்கே என்று கேட்டு, வீட்டின் ஒவ்வோர் அறையாக நடந்து போனால் வரலாம். கிளம்பும்போது நான் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டால், அண்ணன் இருட்டும்வரை கேட் பக்கத்திலேயே நிற்பார். அவரைப் பொறுத்தவரை நான்தானே வருகிறேன் என்று சொன்னது! அதனால் இப்போது காலண்டரில் சனிக்கிழமையைக் காட்டி, அந்தக் கட்டத்தில் என் போட்டோவை ஒட்டிவிட்டுக் கிளம்புகிறேன். சகுனம் பார்க்கும் அம்மாவுக்குத்தான் இது பிடிக்கவில்லை.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் குறியீட்டுப் படங்களில் சாப்பாடு என்றால் தட்டில் முள்கரண்டியும் கத்தியும் இருக்கும். அண்ணன் முள்கரண்டியைப் பார்த்தது கல்யாண ரிசப்ஷனில்தான். அதனால் நாமே போட்டோ எடுப்பது மேல் என்று இறங்கினேன். அதிலும் ஒரு சூட்சுமம். மீன் குழம்பை அம்மாவின் எவர்சில்வர் தட்டில் வைத்து, கூடத்துத் தரையில் வைத்து எடுத்த போட்டோவைக் காட்டினால், அண்ணன் சந்தோஷமாக "அம்மா" என்றார். அவர் பார்த்தது தட்டை. குழம்பை இல்லை. பின்னால் வெள்ளைத் துணி போட்டு, பொருள் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்த பிறகுதான் சரியானது. சிலருக்குப் போட்டோவும் எட்டாது, பொருளையே காட்ட வேண்டும்: குளிக்கப் போவதற்குத் துண்டு, வெளியே போவதற்கு மஞ்சள் பை. அப்படித் தொடங்கி, பிறகு போட்டோ, பிறகு கோட்டுப் படம் என்று போகலாம். போகாமல் அங்கேயே நின்றாலும் குற்றமில்லை.

அப்புறம், பலகையை அவரிடம் கொடுத்துவிட்டு "காட்டுங்க" என்று உட்கார்ந்துகொள்வதில் அர்த்தம் இல்லை. நாமும் அதைத் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டும். "எனக்கு டீ வேண்டாம்" என்று நான் சொல்லும்போது என் விரல் டீயையும் வேண்டாமையும் தொட வேண்டும். குழந்தை காதால் கேட்டுக் கேட்டுப் பேச்சைப் பிடித்துக்கொள்வதுபோல், பலகைப் பேச்சையும் யாராவது பேசக் கண்ணால் பார்த்தால்தானே வரும்? படம் காட்டப் பழக்கினால் இருக்கிற பேச்சும் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருந்தார்கள். அப்படி ஆகாது. ஆராய்ச்சிகள் பார்த்தவரை பேச்சு குறைந்ததாக இல்லை, சிலருக்குக் கூடியும் இருக்கிறது. தொட்டால் குரல் வரும் செயலிகளும் உண்டு. சென்னையில் உருவான ஆவாஸ் அவற்றில் பெயர் பெற்றது, தமிழும் பேசும். அண்ணனுக்கு டேப்லெட்டில் பாட்டு மட்டும் போதும் என்று ஆகிவிட்டது. பலகைக்குச் சார்ஜ் போட வேண்டாம், கடலூர் மழைக்கு அது ஒரு சௌகரியம்.

எதற்கும் முன்னால் காதைப் பாருங்கள். இதை நான் யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குக் காதுத் துவாரம் பொதுவாகக் குறுகல். குறும்பி அடைத்துக்கொள்ளும், நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும், வயது ஏற ஏறக் கேட்கும் திறனும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் குறையும். 'இப்பல்லாம் சொன்னாக் கேக்கறதில்லை' என்று அம்மா புலம்பிய நாட்களில் உண்மையிலேயே அண்ணனுக்குக் கேட்கவில்லை. காதை சுத்தம் செய்த மறுநாள் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலுக்குத் திரும்பிப் பார்த்தார். தைராய்டு குறைந்தாலும் ஆள் மந்தமாகிப் பேச்சைக் குறைத்துவிடுவார், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நாற்பதைத் தாண்டினால் அல்சைமர் நோயையும் நினைவில் வைக்க வேண்டும். அந்த நோயோடு தொடர்புடைய அமிலாய்டு புரதத்துக்கான மரபணு 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது, இவர்களுக்கு அது ஒன்று கூடுதல். அதனால் மற்றவர்களைவிடப் பல ஆண்டுகள் முன்னதாகவே வரும். பேச்சில் ஒரு மாற்றம் தெரிந்தால் "அவன் அப்படித்தான்" என்று விடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். திடீரென்று கையை ஓங்குகிறார், தட்டைத் தள்ளுகிறார் என்றால் முதலில் பல்லைப் பாருங்கள், வயிற்றைப் பாருங்கள். பல்வலியைச் சொல்லத் தட்டைத் தள்ளுவதைத் தவிர வேறு வழி இல்லாதவர்கள் இருக்கிறார்கள்.

இனி, எனக்கு மிகவும் உதவிய ஒன்றைச் சொல்கிறேன். ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான 'டாக்கிங் மேட்ஸ்' என்ற முறை. பெயரில் மேட் இருப்பதுபோலவே ஒரு விரிப்புதான் அடிப்படை. விரிப்பின் மேல் பக்கம் மூன்று முகங்கள்: பிடிக்கும், சுமார், பிடிக்காது. பேச எடுத்துக்கொண்ட விஷயத்தின் படம் கீழே. அதில் அடங்கியவற்றை ஒவ்வோர் அட்டையாகக் கையில் கொடுக்க, அவர் தனக்குத் தோன்றிய முகத்தின் கீழே வைக்க வேண்டும். பிடிக்கலை என்றால் அந்தப் பக்கம் வைத்தால் போதும், வாய் திறக்க வேண்டியதில்லை, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. 'ஆங்' என்று தப்பிக்கவும் முடியாது. ஓரிரு சொல் கோத்துச் சொன்னால் புரிந்துகொள்கிறவர்களுக்கு இது சரிவரும். எல்லாருக்கும் ஆகாது. முறையாகப் பயிற்சி எடுத்தவர்கள் செய்வது வேறு தரம். நான் செய்தது வீட்டு வைத்தியம்: வாசல் மிதியடி ஒன்று, அது நிச்சயம் புதிதுதான், அட்டைகளின் பின்னால் தையல்காரரிடம் வாங்கிய வெல்க்ரோ.

என் மகளுக்குக் காதுகுத்து வந்தது. கடலூர் பக்கத்துத் திருவந்திபுரம் கோயிலில் மொட்டை போட்டு அங்கேயே காது குத்துவது எங்கள் வீட்டு வழக்கம். தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். எனக்கு உடன்பிறந்தவர் ஒரே அண்ணன். ஆனால் பேச்சு எழுந்ததுமே பெரியப்பா, "சித்தி பையன் இருக்கானே, அவனும் மாமன் முறைதானே, அவன் உட்காரட்டும். இவன் குழந்தையக் கீழ போட்டுட்டா?" என்றார். பத்துப் பேர் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். அண்ணன் அங்கேயே முறுக்கு தின்றுகொண்டிருந்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. நான் கேட்டேன், "அண்ணா, பாப்பாவ மடியில வெச்சுக்கறீங்களா?" ஆங் என்றார். சித்தி பையன் வெச்சுக்கட்டுமா? ஆங். பெரியப்பா சிரித்துவிட்டார்.

மறுநாள் கூட்டம் கலைந்ததும் விரிப்பைப் போட்டேன். மடியில் குழந்தை: என் கையால் எடுத்த போட்டோ. வேட்டி, மாலை, மேளம், கோயில் படிக்கட்டு, கூட்டம், ஆசாரி, குழந்தை அழுவது. அண்ணன் முதல் அட்டையை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிடிக்கும் பக்கம் வைத்தார். வைத்துவிட்டு அட்டையை விரலால் அமுக்கினார், ஒட்டிக்கொண்டதா என்று. வேட்டி பிடிக்கும். படிக்கட்டு சுமாரில் போனது, மூட்டு வலி. மாலையை நேராகப் பிடிக்காத பக்கம் வைத்துக் கழுத்தைச் சொறிந்துகொண்டார். மேளத்தைக் கையில் கொடுத்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, அட்டையை விரிப்பில்கூட வைக்காமல் தூர எறிந்தார். மூன்று நாள் கழித்து அட்டைகளைக் கலைத்து, வரிசை மாற்றி மறுபடி கொடுத்தேன். படிக்கட்டு மட்டும் இடம் மாறியது. மேளம் மறுபடியும் பறந்தது.

ஆக அவருக்குக் குழந்தையை மடியில் வைப்பதில் பிரச்சினையே இல்லை. தவில்தான் பிரச்சினை. காது குத்தும் நேரம் தவில் வேண்டாம், நாதஸ்வரம் மட்டும் என்று சொல்லிவிட்டோம். முகூர்த்த நாள் பாருங்கள், திருவந்திபுரத்தில் எத்தனை கல்யாணம் நடக்கும் என்று கடலூர்க்காரர்களுக்குத் தெரியும். பக்கத்து மேளத்தை நிறுத்த முடியாதே. அதனால் முகூர்த்த நாளே வேண்டாமென்று ஒரு சாதாரண நாளைப் பார்த்தோம். பெரியப்பாவுக்கு அதில் மனத்தாங்கல். அண்ணன் வேட்டி கட்டி, மாலை இல்லாமல் உட்கார்ந்தார். ஆசாரி கம்பியை எடுத்ததும் குழந்தையின் தலையைத் தன் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார், யாரும் சொல்லித்தராமல். குழந்தை வீறிட்டது. அண்ணன் ஆசாரியைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "போதும்" என்றார். அவர் வாயில் அந்தச் சொல் இருப்பது எங்களில் யாருக்கும் தெரியாது. ஆசாரி நல்லவர், "இன்னொரு காது இருக்கு தம்பி, ஒரு நிமிஷம்" என்று அவரிடமே கேட்டுக்கொண்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பேச முடியாதவரின் கையையோ முழங்கையையோ ஒருவர் பிடித்துக்கொள்ள, அவர் எழுத்துப் பலகையில் கவிதை கவிதையாக எழுதுகிறார் என்று காட்டும் வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. 1990களிலேயே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். கையைப் பிடிப்பவருக்குக் காட்டாமல், பேச முடியாதவருக்கு மட்டும் ஒரு படத்தைக் காட்டினால் சரியான பதில் வருவதில்லை. எழுதுவது, தன்னை அறியாமலேயே, பிடித்திருக்கும் கைதான். அமெரிக்கப் பேச்சு, செவித்திறன் வல்லுநர் சங்கம் 2018இல் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிக்கையே விட்டது. ஒரு மனிதரின் வாயில் நம் பேச்சைத் திணிப்பது, அவரைப் பேசவிடாமல் வைப்பதைவிட மோசம்.

சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிட முன்னால் போய்விட்டது. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதையொட்டி வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அதில் தகவல் தொடர்பு என்றால் என்ன என்று விளக்கும் இடத்திலேயே பிரெய்ல், சைகை மொழியோடு எளிய நடை, படித்துக்காட்டும் ஆள், பேச்சுக்கு மாற்றான முறைகள் எல்லாம் பெயர் சொல்லி வருகின்றன. 13ஆம் பிரிவு, மற்றவர்களைப்போல் இவர்களுக்கும் சட்டத் தகுதி உண்டு, பணத்தைக் கையாளும் உரிமை உண்டு என்கிறது. 14ஆம் பிரிவில் வரும் வரையறுக்கப்பட்ட காப்பாளர் முறையும், அவருக்குப் பதிலாகக் காப்பாளர் முடிவெடுப்பது இல்லை, இருவரும் பரஸ்பர நம்பிக்கையோடு சேர்ந்து, அவர் விருப்பத்தின்படி எடுப்பது. படித்தபோது ஆச்சரியமாக இருந்தது.

நடைமுறை வேறு. அண்ணன் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்க ஒரு வங்கிக்குப் போனோம். மேலாளர் அண்ணனை நிமிர்ந்து பார்க்கவில்லை. "கார்டியன் சர்ட்டிபிகேட் கொண்டு வாங்க" என்று என்னிடம் சொன்னார். தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன் கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு தரும் சான்று அது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்கள் 18 வயதைத் தாண்டினால் வாங்கலாம். வாங்கினோம், அது தவறில்லை, பல இடங்களில் கேட்கிறார்கள். எனக்கு உறுத்துவது, அந்தச் சான்று வந்த நாளிலிருந்து அண்ணனிடம் எதையும் கேட்க வேண்டாம் என்று எல்லாருக்கும் அனுமதி கிடைத்துவிட்ட மாதிரி ஆனதுதான். கையெழுத்துப் போட நான் இருக்கிறேன், கேட்பதற்கு அவர் எதற்கு?

'வேண்டாம்' சொல்லத் தெரியாதது ஆபத்து என்பதையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். எதற்கும் தலையாட்டப் பழக்கிய ஒருவரை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் அழைத்துப் போகலாம். ஆண், பெண் இருவருக்கும் இது பொருந்தும். நடந்ததைச் சொல்ல அவர் பலகையில் உடல் உறுப்புகளின் படம் இல்லை, 'அடிச்சாங்க' இல்லை, 'தொட்டாங்க' இல்லை, ஆட்களின் போட்டோ இல்லை. வாயால் பேச முடியாத சாட்சி எழுத்தாலோ சைகையாலோ சொல்வதை நம் சாட்சியச் சட்டம் ஏற்கிறது. சிறப்பாசிரியரை வைத்துக்கொண்டு, வீடியோவில் பதிவு செய்துகொண்டு கேட்கலாம். ஆனால் அந்த இடத்துக்குப் போய்ச் சேர அவரிடம் முதலில் சொல் இருக்க வேண்டுமே. பெற்றோர் கூட்டம் ஒன்றில் உறுப்புப் படங்களைப் பலகையில் சேர்க்கச் சொன்னபோது முகம் சுளித்தார்கள். "எதுக்குங்க இதெல்லாம், அதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் ஒரு தாய். தெரியாமல் இருப்பது யாருக்கு வசதி என்று அவரிடம் நான் கேட்கவில்லை. இங்கே கேட்டுவைக்கிறேன்.

புயல் விஷயத்தில் மட்டும் எங்கள் வீடு தேறியிருக்கிறது. எங்கள் கடற்கரைக்கு அது ஆண்டுச் சடங்கு. 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல் வந்தபோது அண்ணனுக்கு எதையும் சொல்ல எங்களுக்குத் தெரியாது. காற்று கூரையைப் பெயர்த்த அந்த விடியலை அவர் உடம்பு இன்னும் மறக்கவில்லை, ஜன்னல் அடித்துக்கொண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்து, 'தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு' என்று போவார்கள். துறைமுகத்தில் இத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தியில் சொல்வார்கள். கூண்டின் எண்ணுக்கு என்ன பொருள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே தெரியாது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடக்கும் முன்பே அண்ணனுக்கு ஒரு சின்னப் புத்தகம் தயாராக இருந்தது. பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி. காற்று வரும், சத்தம் வரும். கரண்ட் போகும். டார்ச் இருக்கு. அம்மா பக்கத்தில் இருப்பாங்க. தண்ணி உள்ளே வந்தால் மாடிக்குப் போவோம். காலையில் சத்தம் நிற்கும். புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. நான் லாஸ்பேட்டையில் மாட்டிக்கொண்டேன். சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது கடலூர்ப் பக்கம் போகவே வழியில்லை. அண்ணன் அந்தப் புத்தகத்தை டார்ச் அடித்து அம்மாவுக்குக் காட்டிக்கொண்டே இருந்தாராம். பக்கம் திருப்பித் திருப்பி, 'மாடி' பக்கத்தை அவராகவே எடுத்து நீட்டி அம்மாவை எழுப்பினாராம். அம்மாவுக்கு எழுபது. யார் யாரைப் பார்த்துக்கொண்டார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது வீட்டில் ஓடுகிற பேச்சு வேறு. அம்மாவுக்கு அப்புறம் அண்ணன் எங்கே? என்னோடுதான் என்று நானும் என் கணவரும் எப்போதோ முடிவு செய்துவிட்டோம், லாஸ்பேட்டை வீட்டில் அதற்காகவே ஓர் அறை எடுத்துக் கட்டியிருக்கிறோம். போன மாதம் விரிப்பைப் போட்டேன். மஞ்சக்குப்பம் வீடு, எங்கள் வீடு, ஒரு விடுதி, சித்தி வீடு. விடுதி பிடிக்காத பக்கம் போனது, எதிர்பார்த்ததுதான். சித்தி வீடு சுமார். மஞ்சக்குப்பம் பிடிக்கும். எங்கள் வீட்டு அட்டையை அவர் விடுதிக்குப் பக்கத்தில் வைத்தார். என்னைப் பார்த்துக்கொண்டே வைத்தார். வரிசையை மாற்றினேன், நாள் மாற்றினேன், என் கணவரைக் கேட்கச் சொன்னேன். அட்டை அதே இடத்துக்குத்தான் போகிறது. வீட்டின் போட்டோவை எடுத்துவிட்டு என் போட்டோவைக் கொடுத்தால் பிடிக்கும் பக்கம் வைக்கிறார். அவருக்கு நான் வேண்டும், லாஸ்பேட்டை வேண்டாம். டீக்கடை அட்டையைக் கொடுத்ததும் அதைக் கொண்டுபோய் மஞ்சக்குப்பத்துக்கு மேலேயே ஒட்டினார்.

"அவனுக்கு என்ன தெரியும், நீ கூட்டிட்டுப் போ" என்கிறார் அம்மா. என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை, அறைக்கு வாங்கிய கட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மஞ்சக்குப்பத்து வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் ஒரு குடும்பத்தைக் குறைந்த வாடகைக்கு வைத்து, ராத்திரித் துணைக்கு அண்ணனையும் பார்த்துக்கொள்ளச் சொல்லலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். யாராவது ஆள் தெரிந்தால் சொல்லுங்கள். நிபந்தனை ஒன்றுதான்: வருகிறவரின் போட்டோவை முதலில் அண்ணன் கையில் கொடுப்பேன், அவர் அதை எந்தப் பக்கம் வைக்கிறாரோ அதுதான் பதில்.